வயிற்றில் தையல், இடுப்பில் குடம்

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 15 லிட்டர் என்றால் 15 கிலோ. சிக்கல், கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கித் தள்ளி வரும் பெண், 120 கிலோ தண்ணீரைத் தள்ளுகிறார். வண்டியின் எடை தனி. வண்டி இல்லாத வீட்டில் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பிரசவத்துக்காக வயிற்றைக் கீறியோ, கர்ப்பப்பையை எடுத்தோ வீடு திரும்பும் அதே பெண்ணின் கையில் மருத்துவமனை ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறது. ‘பளு தூக்கக் கூடாது’ என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

அந்தச் சீட்டுக்கும் இந்தக் குடத்துக்கும் நடுவில் நடப்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசுகிறோம். அறுவை சிகிச்சை செய்த தழும்பின் வழியாகக் குடல் பிதுங்கி வருவதை மருத்துவர்கள் ‘இன்சிஷனல் ஹெர்னியா’ என்கிறார்கள். தமிழில் தழும்புவழிக் குடலிறக்கம் எனலாம். நம் ஊர்ப் பெண்கள், ‘ஆபரேசன் பண்ணுன எடத்துல குடல் எறங்கிருச்சு’ என்பார்கள். அதையும் யாராவது கேட்டால்தான் சொல்வார்கள்.

தையல் ஏன் விடுகிறது?

வயிற்றுச் சுவர் பல அடுக்குகளால் ஆனது. மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, அப்புறம் தசை, தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான வெள்ளைச் சவ்வு, எல்லாவற்றுக்கும் உள்ளே குடலைச் சூழ்ந்த மெல்லிய உறை. இவற்றில் பாரம் தாங்குவது அந்த வெள்ளைச் சவ்வுதான். நாம் இருமினாலும், முக்கினாலும், குடம் தூக்கினாலும் உள்ளிருந்து எழும் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அதுவே.

அறுவை சிகிச்சையில் இந்த அடுக்குகளைக் கீறித் திறந்து, வேலை முடிந்ததும் தைத்து மூடுகிறார்கள். மேல்தோல் பத்துப் பன்னிரண்டு நாளில் கூடிவிடும். தையல் பிரித்ததும் ‘புண் ஆறிவிட்டது’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் சவ்வு கூடி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். பழைய வலு முழுவதும் அதற்குத் திரும்புவதும் இல்லை. கூடாத இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால் போதும். குடலும் கொழுப்பும் அதன் வழியே தோலுக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில மாதங்களில் தெரியலாம். பல ஆண்டு கழித்தும் தெரியலாம்.

நடுவயிற்றில் நெடுக்காகக் கீறிச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு இது வருவதாக உலக ஆய்வுகள் சொல்கின்றன. பிரசவத்துக்கு அடிவயிற்றில் குறுக்காகக் கீறும் சிசேரியனில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். இந்திய சராசரி 21 அல்லது 22. வயிற்றில் தழும்பு உள்ள பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் மாநிலத்தில், குறைவான ஆபத்தும் நிறையப் பேரைத் தொடும்.

யாருக்குத் தையல் விடும் என்பதற்குச் சில காரணங்கள் நன்றாகத் தெரிந்தவை. முதல் காரணம் புண் சீழ் பிடிப்பது. அடுத்து சர்க்கரை நோய், உடல் பருமன், புகைப்பழக்கம், சத்தில்லாத உடம்பு, ஓயாத இருமல், ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கீறுவது, அவசரத்தில் செய்த அறுவை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் வட்டாரத்தைப் பாருங்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலையில் புகைக்குள் நிற்பவர்கள் யார்? வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருபவர்கள் யார்? குளிக்கவும் புண் கழுவவும் நல்ல தண்ணீருக்கு அலைபவர்கள் யார்? நிலம் இல்லாத, உடம்பை மட்டுமே நம்பிப் பிழைக்கும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களில்தான் இந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

ஆனால் எல்லாவற்றையும் நோயாளியின் மேல் சுமத்திவிட முடியாது. தைக்கும் விதமும் ஒரு காரணம். நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகளில் 560 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கம்போல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெரிய தையல். மறுபாதிப் பேருக்கு அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கமான சின்னத் தையல். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பெரிய தையல் போட்டவர்களில் 100-க்கு 21 பேருக்குக் குடலிறக்கம் வந்திருந்தது. சின்னத் தையல் போட்டவர்களில் 13 பேருக்கு. புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கூடுதலாகச் சில நிமிடமும் பொறுமையும்தான் வேண்டியிருந்தது. நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் முதலில் பறிபோவதும் அந்தச் சில நிமிடம்தான்.

தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்

சிக்கலை அடுத்த ஒரு குடியிருப்புக்கு, காப்பீட்டு அட்டை எடுப்பது பற்றிச் சொல்லப் போயிருந்தோம். பேச்சு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஓர் அக்கா மட்டும் நின்றார். சேலைக்கு மேலே ஒரு பழைய துண்டை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்.

“தம்பி, இந்த அட்டைக்கு வயித்து வீக்கமும் பாப்பாகளா?”

“என்ன வீக்கம்க்கா? எத்தன வருசமா?”

“சின்னவன் பொறந்து ரெண்டாம் வருசம் வந்துச்சு. அவன் இப்ப பத்தாவது படிக்கிறான்.”

“டாக்டர்ட்ட காட்டலையா?”

“காட்டுனேன். நெஞ்சக் கரிக்குதான்னு கேட்டாக. வாயுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாக. படுத்தா உள்ள போயிரும், எந்திரிச்சா வந்துரும். துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போயிருவேன்.”

படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். குடலிறக்கத்தின் முதன்மையான அடையாளத்தை எந்தப் பாடப்புத்தகமும் படிக்காத அந்த அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதைக் கண்டுபிடிக்க முதலில் எந்தப் பெரிய இயந்திரமும் தேவையில்லை. நோயாளியை நிற்க வைத்து, தழும்பின் மேல் கைவைத்து, ‘இருமு’ என்று சொல்ல வேண்டும். இருமும்போது விரலில் ஒரு தள்ளல் தட்டும். பிறகு படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் அதற்கப்புறம்.

ஆக, இது தொட்டுப் பார்த்தால் மட்டுமே பிடிபடும் நோய். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதும் மருத்துவம் இதைக் காணாது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. தொட்டுப் பரிசோதிக்கப்படுவது நோயாளியின் உரிமை என்பதை நம் பெண்கள் அறிந்துகொண்டால்தான் அந்தப் பிரிவு மருத்துவமனைக்குள்ளும் வந்து சேரும். ‘டாக்டர், தழும்புக்கிட்ட புடைச்சுக்கிட்டு வருது, கைய வச்சுப் பாருங்க’ என்று வாய்திறந்து கேட்கலாம். ஆண் மருத்துவர் முன் கூச்சமாக இருந்தால் பெண் செவிலியரை உடன் இருக்கச் சொல்லலாம்.

துண்டு கட்டிக்கொள்வது ஏழைகளின் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பெரும் புகழும் பணமும் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹால் 1968-ல் துப்பாக்கியால் சுடப்பட்டார். வயிற்றைக் கீறி உயிரைக் காப்பாற்றினார்கள். தழும்பில் பெரிய குடலிறக்கம் விழுந்தது. மருத்துவமனை என்றாலே அவருக்குப் பயம். இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டே 19 ஆண்டு ஓட்டினார். 1987-ல் பித்தப்பை அழுகும் நிலைக்குப் போன பிறகுதான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். அப்போதே குடலிறக்கத்தையும் சரிசெய்தார்கள். மறுநாள் இறந்துபோனார். கச்சை வீக்கத்தை மறைக்கும், கொஞ்சம் இதமாகவும் இருக்கும். ஓட்டையை அது அடைக்காது. பணம் இருந்தவருக்கும் அதுதான் நடந்தது.

ஊசி, நூல், வலை

பழைய காலத்தில் விட்டுப்போன இடத்தை இழுத்துப் பிடித்து மறுபடி தைத்தார்கள். இழுத்துத் தைத்த துணி அதே இடத்தில் கிழிவதைப் போல அதுவும் விட்டுப்போனது. அப்புறம் அமெரிக்க அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர், பாலிபுரோப்பிலீன் இழையால் நெய்த வலையை வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். உர மூட்டைக்கான பிளாஸ்டிக் சாக்கு நெய்வதும் இதே பாலிபுரோப்பிலீனில்தான். மருத்துவத்துக்கு என்று தூய்மையாகச் செய்து, கிருமி நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். வலையின் கண்களுக்குள் நம் உடம்பின் திசு வளர்ந்து பின்னிக்கொள்ளும். அதன்பின் பாரத்தை வலையும் சேர்ந்து தாங்கும். கடற்கரை மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வலை எவ்வளவு உதவுகிறது என்பதை நெதர்லாந்து மருத்துவர்கள் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். வெறும் தையல் போட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 100-க்கு 43 பேருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 24 பேருக்கு. அதே நோயாளிகளைப் பத்து ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 2004-ல் சொன்ன கணக்கு 63-க்கு 32. வலை வைத்தால் திரும்ப வருவது பாதியாகக் குறைகிறது. அடியோடு நின்றுவிடுவதில்லை. ‘ஒரு ஆபரேசன் பண்ணினால் சரியாகிவிடும்’ என்று நோயாளியிடம் சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வலையை எங்கே வைப்பது என்பதிலும் முறைகள் உண்டு. தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் வைக்கலாம். தசைக்குப் பின்னால் வைக்கலாம். இதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் ஜான் ரீவ், ரெனே ஸ்டோப்பா இருவரும் வளர்த்தெடுத்தார்கள். இன்றும் இதற்கு நல்ல பெயர் இருக்கிறது. மூன்றாவதாக, சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு உள்ளிருந்து வைக்கும் லேப்ராஸ்கோப்பி முறை 1993-ல் அமெரிக்காவிலிருந்து அறிவிக்கப்பட்டது. இதில் வலை குடலோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தனிப் பூச்சுள்ள வலை வேண்டும். அதன் விலை கூடுதல்.

நம் மாநிலத்தில் இந்தத் துறையில் பேர் பெற்றவர் கோவை மருத்துவர் சி. பழனிவேலு. வெறும் வலையால் ஓட்டையை மூடாமல், கேமரா வழியே ஓட்டையையும் தைத்து மூடி, அதன்மேல் வலை வைத்துச் செய்த தம் குழுவின் அனுபவத்தை 2007-ல் மருத்துவ இதழில் எழுதினார். இளவயதில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து பள்ளிப் படிப்பை முடித்து மருத்துவரானவர் அவர். படிப்பு நடுவில் நின்றுபோன பிள்ளைகள் இதை நினைவில் வைக்கலாம்.

சிகிச்சையின் சிக்கல்கள்

ஊர்ப் பெயரே சிக்கல் என்பதால் அந்தச் சொல்லைக் கேட்டு நாம் பயப்படுவதில்லை. ஆனால் அறுவைக்குப் பின் என்னென்ன வரலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி வருவது நீர் கோப்பது. வலையைச் சுற்றி மஞ்சள் நிற நீர் சேர்ந்து, ‘மறுபடி வீங்கிவிட்டதே’ என்று பயமுறுத்தும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றும். வீட்டில் அதை ஊசியால் குத்துவதோ, சூட்டுக்கோல் வைப்பதோ கூடாது. குத்தினால் கிருமி உள்ளே போகும். நீர் வடிய மருத்துவர் ஒரு குழாய் வைத்து அனுப்பியிருந்தால் அதையும் நாமாகப் பிடுங்கக் கூடாது.

அதைவிடக் கடுமையானது சீழ் பிடிப்பது. மேல்புண்ணில் வரும் சீழை மருந்தால் ஆற்றிவிடலாம். கிருமி வலையில் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் வடிந்துகொண்டிருக்கும். சில நேரம் வலையையே எடுக்க வேண்டிவரும். அதனால்தான் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். பீடி, சிகரெட், புகையிலையைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விடச் சொல்கிறார்கள். இருமலையும் மலச்சிக்கலையும் சரிசெய்யச் சொல்கிறார்கள். இரத்தசோகையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ‘தேதி தள்ளிப் போகுதே’ என்று கோபப்படாமல் இதைச் செய்துகொள்வது நம் நன்மைக்கே.

இவை போக, இரத்தம் கட்டலாம். பழைய அறுவையால் ஒட்டிக்கிடக்கும் குடலைப் பிரிக்கும்போது அதில் காயம் படலாம். நாள்பட்ட வலி நிற்கலாம். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அதைத் தடுக்கத்தான் மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். பல ஆண்டு வெளியிலேயே கிடந்த பெரிய குடலிறக்கத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வயிறு தன் கொள்ளளவையே இழந்து சுருங்கிவிடும். குடலைத் திடீரென உள்ளே தள்ளினால் மூச்சு திணறும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற குழு வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு துண்டு கட்டிக்கொண்டு தள்ளிப்போடுவதற்கு நம் உடம்பு கொடுக்கும் விலை இது.

எல்லாக் குடலிறக்கத்துக்கும் உடனே அறுவை தேவை என்பதும் இல்லை. வலியே இல்லாத, எளிதில் உள்ளே போகும் வீக்கத்தைச் சிலருக்கு மருத்துவர் கண்காணிப்பில் வைக்கலாம். இன்னும் குழந்தை பெற எண்ணமுள்ள பெண்களுக்கு, பிரசவம் முடிந்தபின் செய்வது நல்லது என்று சொல்வதும் உண்டு. முடிவு எதுவானாலும் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

எப்போது ஓட வேண்டும்?

இந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்தாலும் தவறில்லை.

வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் நின்றுவிட்டால், தொட்டால் கல்போல் கெட்டியாக இருந்தால், வலி கூடிக்கொண்டே போனால், வாந்தி எடுத்தால், மலமும் காற்றும் பிரியாமல் வயிறு உப்பினால், மேல்தோல் சிவந்தோ கறுத்தோ போனால், குடல் அந்த ஓட்டையில் மாட்டி இறுகுகிறது என்று பொருள். இரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்து அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

இப்படி அவசரத்தில் செய்யும் அறுவையில் அழுகிய குடலை வெட்டி எடுக்க நேரலாம். கிருமி பரவிய வயிற்றில் வலை வைக்க மருத்துவர் தயங்குவார். உயிராபத்தும் திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு அதிகம். முன்பெல்லாம் இதற்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இராமநாதபுரத்திலிருந்தே அது 100 கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரி 12 அன்று இராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் மாவட்டத்துக்குக் கிடைத்த இந்தக் கல்லூரியை நாம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். அங்கே என்ன குறை என்றாலும் அதைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

வலையின் விலை

ஏழைக்கு வலை எட்டாதே என்று ஒரு காலத்தில் கைவிரித்தார்கள். மராட்டிய மாநிலம் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் அதை ஏற்கவில்லை. கொசுவலைத் துணியையும் இறக்குமதி வலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நெசவும் பொருளும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. கொசுவலைத் துணியை முறையாகக் கிருமி நீக்கிக் குடலிறக்க அறுவையில் பயன்படுத்தி, வேறு ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து அதன் முடிவை 2003-ல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். 2016-ல் உகாண்டா நாட்டில் ஆண்களின் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்குக் கொசுவலையையும் விலை உயர்ந்த வலையையும் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தழும்புவழிக் குடலிறக்கத்துக்கு அந்த உகாண்டா முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ‘விலை கூடியதுதான் நல்லது’ என்ற பேச்சை எங்கோ ஒரு கிராமத்து மருத்துவர் கேள்வி கேட்டார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் இந்த அறுவைக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்தால், சேர்க்கும்போதே காப்பீட்டுப் பிரிவில் காட்ட வேண்டும். எந்த முறை, எந்த மருத்துவமனையில் இதில் அடங்கும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வட்டிக்குப் பணம் வாங்குவதற்கு முன் இந்த ஒரு விசாரிப்பைச் செய்துவிடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண் இருக்கிறது.

ஓய்வு யாருக்கு?

எவ்வளவு நல்ல வலை வைத்தாலும் திசு அதில் பின்னிக்கொள்ளக் காலம் வேண்டும். குறைந்தது ஆறு வாரம், பெரிய குடலிறக்கம் என்றால் அதற்கும் மேலே, பளு தூக்கக் கூடாது என்பார்கள். ஆறு வாரம் என்பது 42 நாள். தினக்கூலிப் பெண்ணுக்கு அது 42 நாள் கூலி. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வார ஊதிய விடுப்பு தந்தது. அது பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்கு. கரிமூட்டத்தில் நிற்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிப்பவருக்கு யார் விடுப்பு எழுதுவது? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி பிரசவித்த தாய்க்குக் கிடைக்கிறது, நல்லது. பத்து ஆண்டு கழித்து அந்தத் தழும்பு விட்டுப்போகும்போது ஓய்வுக்கு உதவி எதுவும் இல்லை.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு பயன் மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே என்பது அவர் வாதம். அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிறது. ஓய்வு இன்னும் வசதியுள்ளவர்களுக்கு மருந்து, இல்லாதவர்களுக்கு அறிவுரை.

ஓய்வு இல்லாத உழைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மராட்டியத்தின் பீட் மாவட்டம் சாட்சி. கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கு நாளில் கூலி போகாமல் இருக்க இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வது 2019-ல் நாடு முழுக்கச் செய்தியானது. ஆய்வுக் குழு எண்ணிப் பார்த்தபோது 13,000-க்கும் மேற்பட்ட பெண்கள். அவர்களில் பலரின் வயிற்றில் ஒரு தழும்பு. பலரும் மறுபடி கரும்புக் கட்டைத் தூக்கத்தான் போனார்கள்.

நாம் கேட்பது

ஒன்று, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்ற பெண்களுக்கு, வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வார ஓய்வு ஊதியம் வேண்டும். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு நிவாரணம் தரும் அரசுக்கு இது புரியாத கணக்கு இல்லை.

இரண்டு, மருத்துவமனையை விட்டு அனுப்பும்போது தரும் சீட்டு தமிழில் வேண்டும். என்ன அறுவை, வலை வைத்தார்களா, எத்தனை நாள் பளு தூக்கக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும் என்ற நான்கும் தமிழில் இருந்தால் போதும்.

மூன்று, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வரும் பணியாளர்கள், வயிற்றில் தழும்பு உள்ள பெண்களிடம் ‘புடைப்பு இருக்கா?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான்கு, வீட்டு வாசலுக்குக் குடிநீர்க் குழாய். இதை மருத்துவக் கோரிக்கையாகவே வைக்கிறோம்.

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் நம் வீட்டிலேயே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. அதைக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் போகும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். டிரங்குப் பெட்டியிலோ, அரிசிப் பானைக்குப் பின்னாலோ, ஒரு பிளாஸ்டிக் பையில் உங்கள் அம்மாவின் பழைய மருத்துவமனைச் சீட்டு மடித்துக் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அந்த வீட்டில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வரி வரியாக அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். தழும்புக்குப் பக்கத்தில் ஏதாவது புடைத்து வருகிறதா என்று கேளுங்கள். வருகிறது என்றால், நாளைக் காலை தண்ணீர் எடுக்க நீங்கள் போங்கள். அவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.